படகை நிறுத்தச் சொன்னவர்

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் பிரதி தபாலில் வந்து சேர்ந்தது. எழுத்துப் பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பிழை ஒன்றும் இல்லை. என் பெயர் இருக்கிறது, முகையூர் என்று என் ஊர் இருக்கிறது, பெண் வீட்டாரின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. உன் அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. 'காலஞ்சென்ற' என்று போட்டுக்கூட நீ அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சுக்கூடத்தில் விட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. குடித்துவிட்டுப் படகோட்டி ஒரு ஆளைக் கொன்று ஜெயிலுக்குப் போனவர் பெயரை எதற்கு நாலு பேர் பார்க்கப் போட வேண்டும் என்று போன மாதம் நீ சொன்னபோது, நான் அடுப்பில் கொதிக்கிற உலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பத்திரிகையை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை, அது உன் இஷ்டம். உன் அப்பா குடிக்கவில்லை. அந்தப் படகை நிறுத்தச் சொன்னவர் அவர். அவர் சொன்னதை மாற்றி எழுதியவள் நான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் மூன்று வரியில் சொல்லிவிட்டு எழுந்துபோகிற உரிமை எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உன் அப்பாவுக்குப் பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். காணி நிலம் இல்லாத வீடு. இளவயதிலேயே திண்டிவனத்துக்கு வந்து லாரிப் பட்டறையில் சேர்ந்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கியர் பாக்ஸ் வேலை என்றால் செங்கல்பட்டிலிருந்துகூட அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். கைவேலை அப்படி. ஆனால் எழுத்து அவருக்குக் கைகூடவில்லை. தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார், பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதற்கு மேல் இல்லை. நான் கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஆகவே மனு, கடிதாசி எதுவானாலும் அவர் சொல்ல நான் எழுதுவேன். எழுதி முடித்ததும் காகிதத்தை அவர் பக்கம் திருப்புவேன். படித்துக் காட்டு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அறுபத்தைந்தாம் வருஷக் கடைசியில் அந்தப் பட்டறை வேலை போயிற்று. பிரேக் சரியில்லாத ஒரு லாரியை மல்லாட்டை மூட்டைகளோடு சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். "இந்த வண்டிய நான் ரோட்டுக்கு உட மாட்டேங்க. அவ்ளோ அவசரம்னா நீங்க ஸ்டீரிங்ல ஒக்காருங்க, நான் ஜாக்கிய எடுத்துக்கினு வீட்டுக்குப் போறேன்" என்று பட்டறைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்படியே போ என்றார்கள். வந்துவிட்டார். அடுத்த நாலு மாதம் எந்தப் பட்டறையிலும் அவரைச் சேர்க்கவில்லை, எதிர்த்துப் பேசுகிறவர் என்று பெயராகிவிட்டது. அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷனில் மக்காச்சோளம் போட்டார்கள். கேப்பைக் கூழும் இல்லாத நாட்களில் நான் உன்னைத் தூங்கவைத்துப் பசியை ஏமாற்றினேன். உனக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தாய். அந்த நாலு மாதத்தில்தான் நான் பயப்படக் கற்றுக்கொண்டேன். பிறகு அதை விட முடியவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு வேர் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பிறகுதான் படகு வேலை வந்தது. திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருக்கு மரக்காணத்தில், உப்பங்கழிக்கு அக்கரையில், உப்பளம் இருந்தது. ஆட்களையும் மூட்டைகளையும் கடத்த ஒரு மோட்டார் படகு வாங்கினார். புதுச்சேரியில் வியாபாரம் செய்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன பழைய படகு. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஓர் ஆள் தேவை என்று உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். நாமும் மரக்காணத்துக்குக் குடிபோனோம். உனக்கு அந்த வீடு மங்கலாகத்தான் நினைவிருக்கும், ஒற்றை அறை. வாசலில் நின்றால் உப்புக் குவியல்களின் வெள்ளையில் கண் கூசும்.

அந்தப் படகின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் படகுக்குள்ளே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புக் கால் வெளியே தண்ணீருக்குள் இறங்கும். அந்தக் காலுக்குள் கியர், நுனியில் விசிறி. ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் படகு முன்னே போகும், பின்னால் இழுத்தால் பின்னே வரும், நடுவில் வைத்தால் விசிறி நிற்க வேண்டும். லீவருக்கும் காலுக்கும் நடுவே ஓடுவது ஒரே ஒரு கேபிள். படகுக்கு பிரேக் கிடையாது. கரை நெருங்கும்போது பின் கியரைப் போட்டுத்தான் வேகத்தை அடக்க வேண்டும். கேபிள் மாட்டிக்கொண்டால் படகை அடக்க ஒன்றுமில்லை.

வந்த மூன்றாம் மாதமே லீவர் இறுக ஆரம்பித்தது. முன் கியரிலிருந்து நடுவுக்கு இழுத்தால் வராது, முரண்டு பிடித்து வரும்போது எஞ்சின் அணைந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், "இந்தா, கூட வா, ஒரு கை வேணும்" என்று என்னை அழைத்துப் போனார். உன்னைக் கரையில் தென்னை மட்டை நிழலில் உட்காரவைத்தேன். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவி மடியில் கட்டிக்கொண்டு அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நான் லீவர் பக்கத்தில். "முன்னால... நடுவுல... பின்னால..." என்று அவர் குரல் கொடுக்கக் கொடுக்க நான் தள்ளினேன், இழுத்தேன். அவர் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, கியர் விழுகிறதா, விடுகிறதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "இப்ப லீவர் எங்க இருக்குது?" "நடுவுலதாங்க வெச்சிருக்கேன்." "இங்க பாரு, வெசிறி இன்னும் பூட்டிக்கினு இருக்குது, அசைய மாட்டேங்குது. லீவர் ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு பண்ணுது." பிறகு கேபிளை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, காலில் இருக்கும் கியர்க் கையை விரலால் ஆட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி அசைந்தது. கியரில் குற்றமில்லை. கேபிளைத் தனியாக இழுத்துப் பார்த்தார். பாதி தூரம் வந்து நின்றது.

பின்பலகையைத் தாண்டி கேபிள் வெளியே போகிற இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருந்தது. அது கிழிந்து, உப்புத் தண்ணீர் உள்ளே போய், கேபிள் உறைக்குள்ளேயே துரு ஏறி ஊதிப்போயிருந்தது. உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பக் கோர்த்தார். உறையின் கிழிசலில் லாரி டியூப்பை வெட்டிச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கினார். உள்கம்பியில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழை அவர் விரலில் ஏறி ரத்தம் வந்தது. அதைச் சப்பிக்கொண்டே அறுந்த இழைகளை எண்ணினார். நான்கு. பத்து நாள் லீவர் நன்றாக வேலை செய்தது. பதினோராம் நாள் மறுபடி இறுகியது. மறுபடி கழற்றினார், மறுபடி துடைத்தார், நுனியில் இருந்த நட்டைத் திருகி நீளத்தைக் கூட்டினார், குறைத்தார். இப்படி மழைக்காலம் வரை தள்ளினோம். தை பிறந்து உப்பு வேலை தொடங்கியபோது அறுந்த இழைகள் பாதிக்கு மேல். "நட்டத் திருகித் திருகி இன்னும் எத்தினி நாளைக்கி ஏமாத்தறது? இந்தக் கேபிளு செத்துப்போச்சி. புதுசு வந்தாவணும்" என்றார்.

புதுக் கேபிள் இங்கே கிடைக்காது, முதலாளி பம்பாய்க்கு எழுதித்தான் தருவிக்க வேண்டும். முதலாளி திண்டிவனத்தில் இருந்தார். உப்பளத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு குமாஸ்தா. உன் அப்பா அவரிடம் இரண்டு தடவை வாயால் சொன்னார். "எனக்கு இன்னாப்பா தெரியும் கேபிளும் கீபிளும்? எழுதிக் குடு, முதலாளிக்கு அனுப்பறேன்" என்றார் குமாஸ்தா. சித்திரை மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல். நீ பாயில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார், நான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "ஐயா, படகோட கியர் கேபிளு அறுந்துபோற நிலமைல இருக்குது. முன் கியர்ல மாட்டிக்கிச்சின்னா படகு நிக்காது. கரையில நிக்கிற ஆள் மேல ஏறிடும். ஆள் செத்துப்போவும். புதுக் கேபிளு வர்ற வரிக்கும் படகக் கட்டி வெக்கணும். அடுத்த திங்கக்கெழமைலருந்து நான் ஓட்ட மாட்டேன்." சொல்லிவிட்டு, "இப்டியே எழுது, ஒரு வார்த்த கொறைக்காத" என்றார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஓட்ட மாட்டேன்' என்ற சொல் என் கண் முன்னால் பட்டறைக்காரரின் முகமாக நின்றது. மக்காச்சோளமும் உன் காய்ச்சலும் வந்து நின்றன. நான் எழுதியது இது: "மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, படகின் கியர் கேபிள் சற்று இறுக்கமாக உள்ளது. தாங்கள் சௌகரியப்பட்டபோது புதியது ஒன்று தருவித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். அதுவரை ஜாக்கிரதையாக ஓட்டி வருகிறேன். தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்." காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். "எல்லாம் எழுதிட்டியா?" என்றார். "எழுதிட்டேங்க" என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் குமாஸ்தா மூலம் பதில் வந்தது. பார்க்கலாம், அதுவரை பார்த்து ஓட்டச் சொல் என்று. என் கடிதத்துக்குச் சரியான பதில்தான் அது. ஆனால் உன் அப்பா அதைத் தன் கடிதத்துக்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டார். முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். "ஆள் செத்துப்போவும்னு எழுதியுமா ஓட்டச் சொல்றான்? மனுசன்தானா அவன்?" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார். நான் அவர் காலைப் பிடித்தேன். "புள்ளைய வெச்சிக்கினு மறுபடி தெருவுல நிக்க என்னால ஆவாதுங்க. கொஞ்ச நாளு பாத்து ஓட்டுங்க" என்று அழுதேன். உன்னை எழுப்பி அவர் மடியில் போட்டேன். ஆமாம், உன்னையும் அதற்குப் பயன்படுத்தினேன். அவர் வெகு நேரம் உன் தலையைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு பதினெட்டு நாள் ஓட்டினார். கரைக்கு வெகு தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு வருவார். ஆட்கள் கேலி செய்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலை, குமாஸ்தா ஒரே நடையில் முடியட்டும் என்று ஆட்களோடு உப்பு மூட்டைகளையும் ஏற்றிவிட்டார். அத்தனை பாரத்தை, நீரோட்டம் இழுக்கிற அந்த இடத்தில், கழியால் அடக்க முடியாது. எஞ்சின் ஓட்டத்திலேயே கரைக்கு வர வேண்டியதாயிற்று. துறையில் முனுசாமி என்ற ஆள் எப்போதும்போல் கயிறு பிடிக்கத் தண்ணீரில் இறங்கி நின்றார். உன் அப்பா லீவரை நடுவுக்கு இழுத்தார், பிறகு பின்னுக்கு இழுத்தார். லீவர் லேசாக வந்தது. கேபிள் முழுவதும் அறுந்துவிட்டிருந்தது. விசிறி முன்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், தள்ளிப் போ, தள்ளிப் போ என்று கத்தினார். பாரம் ஏற்றிய படகு அந்த வேகத்திலேயே போய் முனுசாமியைத் துறையின் கருங்கல் சுவரோடு வைத்து நசுக்கியது. முனுசாமி இறந்துபோனார். அவருக்குக் கன்னியம்மா என்று மனைவி, ஒரு வயதில் ஆண் குழந்தை.

அன்று பிற்பகலே போலீஸ் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது. அளவுக்கு மேல் ஏற்றியது தன் தலையில் விழுமே என்று குமாஸ்தா முந்திக்கொண்டார். டிரைவர் வாயில் சாராய வாடை அடித்தது, புதுச்சேரிச் சரக்கு என்று எழுதிக் கொடுத்தார். மதுவிலக்கு இருந்த காலம், அந்த ஒரு வார்த்தை போதும். திண்டிவனம் சப்-ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற உன் அப்பா என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "அந்த லெட்டர வக்கீலாண்ட சொன்னியா? முதலாளிகிட்ட இருக்கும். அத கோர்ட்டுல காட்டச் சொல்லு. எல்லாத்தயும் எழுதிக் குடுத்தேனே, அது ஒண்ணு போதும், என்ன உட்டுடுவாங்க." நான் சரி என்று தலையாட்டினேன். வாரா வாரம் கேட்டார். வாரா வாரம் தலையாட்டினேன்.

நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. கடிதத்தை முதலாளியே கோர்ட்டில் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் அதை எழுந்து நின்று படித்தார். 'சற்று இறுக்கமாக', 'சௌகரியப்பட்டபோது', 'ஜாக்கிரதையாக ஓட்டி வருகிறேன்.' உன் அப்பா கூண்டில் நின்று அதை முதல் தடவையாகக் கேட்டார். ஆபத்து என்று எழுதியிருந்தால் அன்றைக்கே படகைக் கட்டிப்போட்டிருப்பேன் என்றார் முதலாளி. உண்மையில் கட்டியிருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதே எனக்கு வந்த தண்டனை என்று நினைக்கிறேன். அவர் கட்டியிருக்க மாட்டார் என்று ஒரு ராத்திரியாவது நிச்சயமாக நம்பியிருந்தால் தூங்கியிருப்பேன். உன் அப்பா தலையைத் திருப்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எதையோ கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்கிறவர்போல் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அது உன் கையெழுத்துத்தானா என்று கேட்டார்கள். "ஆமாங்க, எங்கையெழுத்துதான்" என்றார். தான் சொன்னது வேறே என்று அவர் சொல்லவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டு அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டியவள் நான். அந்தக் கடிதத்தை யார் எழுதியது என்று அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று நடுங்கினேன். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். ஒன்றரை வருஷம் தண்டனை.

கடலூர் ஜெயிலிலிருந்து அவர் இருமலோடு வந்தார். அதற்குள் நாம் திண்டிவனத்தில், விடுதிச் சமையல்கட்டில் எனக்குக் கிடைத்த வேலையோடு, ஒண்டிக் குடித்தனம் இருந்தோம். நீ பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்திருந்தாய், குடிகாரன் மகன் என்று. அவர் வாசலில் வந்து நின்றபோது நீ என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவர் வேணாம், போகச் சொல்லும்மா" என்று கத்தினாய். எட்டு வயது உனக்கு. உன்மேல் குற்றமில்லை, நான் உனக்கு வேறு எதுவும் சொல்லிவைக்கவில்லையே. அவர் விக்கிரவாண்டிக்குப் போய், லாரிகள் நிற்கிற சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற வேலையில் சேர்ந்தார். கியர் பாக்ஸில் அந்தப் பக்கமே பேர் வாங்கிய கை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நீ வெளியே ஓடிவிடுவாய். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நீ போன திசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் நான் தாங்க முடியாமல் கேட்டேன். "ஏங்க, கோர்ட்டுல என்னக் காட்டிக் குடுத்திருக்கலாமே. இப்பவாவது பையங்கிட்ட உள்ளதச் சொல்லிடறேனே." அவர் உடனே, "வேணாம்" என்றார். "அவனுக்கு இப்ப ஒருத்தர் மேலதான் வெறுப்பு. ஒன்னயும் வெறுத்துட்டான்னா புள்ள எங்க போவான்? ஒருத்தராவது அவனுக்கு நல்லவங்களா இருந்துட்டுப் போவட்டும்." இருமல் வந்து நிறுத்தினார். பிறகு, "பயந்துதான எழுதின. தெரியும்" என்றார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். அந்த வருஷம் மார்கழியில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நீ அடக்கத்துக்கு வந்தாய், கல்லறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாய்.

அவர் எனக்கு விட்டுப்போன அந்த நல்ல பெயரைத்தான் இத்தனை வருஷமும் உடுத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் போகிற மகனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாய். உனக்குக் கீழே இருப்பவர்கள் எழுதும் காகிதங்கள் உன் மேஜைக்கு வருகின்றன. 'சற்று', 'சௌகரியப்பட்டபோது' என்று எழுதியிருந்தால், அதோடு விட்டுவிடாதே. எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உண்மையில் என்ன என்று கேள். பயந்த கை எழுதிய காகிதமாக இருக்கலாம். வீட்டில், உன் மனைவி எதற்காவது பயப்பட்டால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதே. என் பயத்தை நான் உன் அப்பாவிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்தின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். நான் தனியாக உட்கார்ந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் பத்திரிகை வந்த மறுநாள், பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். கன்னியம்மா அதே தெருவில்தான் இருக்கிறாள். உப்பு வெளிச்சத்தில் கண் பாதி போய்விட்டது. நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குச் சொன்ன இதே வரிசையில். முடித்த பிறகு, "வருசா வருசம் அந்த நாள் வந்தா ஒம் புருசன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துவேன். தப்பான ஆளத் தூத்திக்கினு இருந்திருக்கேன்" என்றாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "எம் புள்ள வருவான், இரு. அவங்கிட்டயும் ஒன் வாயாலயே சொல்லு" என்றாள்.

அவள் மகன் சாயங்காலம் வலையோடு வந்தான். கறுத்து உயர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயது. அவனிடமும் சொன்னேன். அவன் ஒன்றுதான் கேட்டான். "எங்கப்பாவுக்கு உடனே உசிரு போயிடுச்சா?"

இல்லை. உன் அப்பா அதை எனக்குச் சொல்லியிருந்தார். படகில் வந்தவர்கள் வண்டி தேடி ஓடிவிட்டார்கள், பெண்களைக் குமாஸ்தா விரட்டிவிட்டார். உன் அப்பாதான் தண்ணீரில் உட்கார்ந்து முனுசாமியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் உயிர் இருந்தது. முனுசாமி வலியைப் பற்றிப் பேசவில்லை, குழந்தையைப் பற்றிப் பேசினார். "நேத்து எம் புள்ள நடந்தான். நாலு எட்டு. அவ தண்ணிக்குப் போயிருந்தா, பாக்கல. இன்னிக்கிப் போயி சொல்லலாம்னு இருந்தேன். நீங்க சொல்லிடுங்க." ஜெயிலிலிருந்து வந்த பிறகு உன் அப்பா இதைச் சொல்ல மரக்காணத்துக்கு இரண்டு முறை போனார். கன்னியம்மா கதவைத் திறக்கவில்லை. குடித்துவிட்டுப் புருஷனைக் கொன்றவனுக்கு யார் கதவு திறப்பார்கள்?

நான் சொல்லி முடித்தபோது அந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கன்னியம்மா என் கையைத் தேடிப் பிடித்தாள். "எத்தினி எட்டு?" என்றாள். நாலு என்றேன். "திரும்பச் சொல்லு, மொதல்லருந்து." சொன்னேன். இன்னொரு தரம் கேட்டாள், இன்னொரு தரம் சொன்னேன். கடைசி பஸ் போய்விட்டது. அவள் வீட்டிலேயே படுத்தேன்.

மகனே, உன்னைப் பற்றியும் உன் அப்பா என்னிடம் சொல்லிவைத்தவை இருக்கின்றன. விக்கிரவாண்டியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நீ ஓடிப்போன பிறகு சொன்னவை. அவற்றைக் காகிதத்தில் எழுத எனக்குத் துணிவில்லை. இதைப் படித்த பிறகும் என் எதிரே உட்கார முடியும் என்று உனக்குத் தோன்றினால் வா. ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்கிறேன்.

அம்மா